கிரே பிரபுவின் கையில் அமர்ந்த குருவிகள்

முதல் உலக யுத்தத்தின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு எட்வர்டு கிரே பிரபுவின் பெயர் தெரிந்திருக்கும். 1905 டிசம்பர் முதல் 1916 டிசம்பர் வரை, 11 ஆண்டுகள் இடைவிடாமல் பிரிட்டனின் அந்நிய நாட்டு மந்திரியாக இருந்தவர் அவர். 1914 ஆகஸ்டு 3-ந் தேதி பார்லிமெண்டில் எழுந்து, பிரிட்டன் யுத்தத்தில் இறங்க வேண்டியதன் காரணங்களை எடுத்துச் சொன்னவரும் அவரே. அந்த யுத்தம் அடுத்த மாதமே நம் சென்னைக் கடற்கரைக்கு வந்துவிட்டது. செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' கப்பல் குண்டு வீசியது. இவ்வளவு பெரிய விவகாரங்களை நடத்திய மனிதர் தோட்டத்துக் குருவிகளுக்குத் தீனி வைப்பதில் பொழுதைக் கழித்தார் என்றால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவருடைய மனம் குடிகொண்டிருந்த இடம் அந்தத் தோட்டந்தான்.

அவர் 1862-ல் லண்டனில் பிறந்தார். 12 வயதில் தந்தையை இழந்தார். 1882-ல் பாட்டனார் காலமானதும், நார்தம்பர்லாந்திலுள்ள பாலடன் பண்ணையும், சுமார் 2,000 ஏக்கர் நிலமும், 'சர்' பட்டமும் 20 வயதுப் பேரனுக்கு வந்து சேர்ந்தன. படிப்பு மட்டும் வரவில்லை. 1884-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அவரைச் சோம்பேறி என்று வெளியே அனுப்பிவிட்டது. (அதே சர்வகலாசாலைக்கு 1928-ல் அவர் சான்சலரானது வேறு கதை.)

பாலடனில் வீட்டை ஒட்டி இரண்டு குளங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி நரி புகாதபடி வேலி போட்டு, பல தேசத்து வாத்துகளைக் கொண்டுவந்து விட்டார். வந்த பறவைகள் பறக்க முடியாதபடி இறக்கை நுனி வெட்டப்பட்டவை. அவற்றின் குஞ்சுகளுக்கு அந்தத் தண்டனை இல்லை, இஷ்டம்போல் பறக்கலாம். மாலையில் கரையில் உட்கார்ந்து தானியம் இறைப்பார். பறந்து போக முடிந்த பறவைகளும் திரும்பி வந்து அவர் கையிலிருந்தே கொத்தித் தின்றன. குளிர்காலத்தில் நம் வேடந்தாங்கலுக்கு வருகிறதே ஊசிவால் வாத்து, அந்த இனமும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

1906 பிப்ரவரியில் பெரிய இடி விழுந்தது. மனைவி டாரதி பாலடன் அருகே குதிரை வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். கிரே மந்திரியாகி இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. லண்டன் வேலை அவரை விடவில்லை. விடுமுறை கிடைத்தால் பறவைகளிடம் ஓடினார். 1910 ஜூனில் அமெரிக்காவின் மாஜி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்தபோது, இருவரும் அரசியலை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஹாம்ப்ஷயர் பக்கத்துக் காடுகளில் நடந்து பறவைகளின் பாட்டைக் கேட்டார்கள்.

பிறகு கண் மங்கத் தொடங்கியது. ஓய்வு வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். யுத்த காலத்து மந்திரிக்கு ஓய்வு ஏது? பதவியை விட்டு இறங்கிய சில ஆண்டுகளில் புத்தகம் படிக்க முடியாமல் போயிற்று. புள்ளி எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் முறையை வயதான காலத்தில் கற்றுக்கொண்டார். மரத்தின் உச்சியிலுள்ள பறவையைப் பார்க்கும் பாக்கியம் இனி இல்லை. பறவைதான் அவரிடம் வர வேண்டும்.

வந்தது. ராபின் என்பது சிட்டுக்குருவி அளவில், செம்மஞ்சள் மார்போடு இருக்கும் பறவை. அதைக் கைக்கு வரவழைக்க அவர் கையாண்ட முறை மிகவும் எளியது. முதலில் ரொட்டித் துணுக்குகளைத் தரையில் போடுவார். பிறகு, ராபினுக்கு உயிரான மாவுப் புழுக்களை ஒரு சிறு பெட்டியில் வைத்துத் தரையில் வைப்பார். அதிலிருந்து பயமின்றித் தின்னப் பழகியதும், உள்ளங்கையை விரித்து, புறங்கை தரையில் படும்படி வைத்து, கையின்மேல் பெட்டியை வைப்பார். இதுதான் கஷ்டமான கட்டம். பறவைக்குப் பெட்டி தெரியும். விரல்களைக் கண்டால்தான் சந்தேகம். வந்து வந்து விலகும். அசையாமல் இருந்தால் ஒரு தடவை துணிந்து ஏறிவிடும். அப்புறம் கையை மெல்ல உயர்த்தலாம். கடும்பனிக் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காரியம் கைகூடும்; பசி நல்ல தரகன்.

கைக்கு வந்த ராபின்களில் ஒன்றுக்கு இறக்கையில் ஒரு சிறகு வெள்ளை. தோட்டத்தில் அதற்கென்று ஓர் எல்லை உண்டு. அதற்குள் இன்னொரு ராபினை விடாது. அந்த அடையாளத்தால் அதே பறவையை ஆண்டுக்கணக்கில் கவனிக்க முடிந்தது. ஒரு பருவத்தில் வெள்ளைச் சிறகைக் காணோம். அதன் இடத்தில் வேறொரு ராபின் இருந்தது. சண்டையில் தோற்றிருக்கும் என்று கிரே எண்ணினார். ஐரோப்பாவின் எல்லைச் சண்டைகளைக் கரைத்துக் குடித்தவருக்கு இது புரியாத விஷயமா?

இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி 1927-ல் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பறவையின் பாட்டுக்கு அதில் தனி இடம் உண்டு. கண் கைவிட்டவருக்குக் காது துணை நின்றது. அவருடைய ராஜதந்திரம் சரியா, தவறா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ராபினை அழைத்த முறையில் அந்த வாதம் கிடையாது.

1933 செப்டம்பர் 7-ந் தேதி பாலடனிலேயே காலமானார். 1938-ல் ஆக்ஸ்போர்டில் பறவை ஆராய்ச்சிக்காக அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. ராபின்களின் எல்லைச் சண்டைகளை ஆராய்ந்து புத்தகம் எழுதிய டேவிட் லாக், 1945-ல் அதன் தலைவராக வந்தார்.