ரோபோவுக்குப் பெயர் தந்த சாப்பெக்

'ரோபோ' எனும்போது நாம் இரும்பு எந்திரத்தையே எண்ணுகிறோம். அச்சொல்லின் பிறப்போ மனிதத் துயரத்தில் உள்ளது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1890இல் பொஹிமியாவில் மருத்துவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். 1920இல் 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதில் வரும் செயற்கை மனிதர்க்கு 'ரோபோட்' எனப் பெயர் கூறியவர் அவர்தம் தமையனார், ஓவியர் யோசெப். குடியானவர் நிலக்கிழார்க்குச் செய்த கட்டாய உழைப்பைச் சுட்டும் 'ரோபோட்டா' என்பதே அதன் வேர்ச்சொல். உழைப்பதற்கென்றே படைக்கப்பட்ட அவ்வுருவங்கள் கிளர்ந்தெழுந்து மனிதகுலத்தை அழிப்பதாக நாடகம் அமைகிறது. சாப்பெக் 1938இல் மறைந்தார். பெயர் ஈந்த யோசெப், 1939இல் நாஜிகளிடம் சிறைப்பட்டு, 1945இல் வதைமுகாமில் மாண்டார். மனிதரையே கருவியாக்கிய கொடுமைக்கு அவரும் இரையானார். உணரவல்ல ஒன்றை அடிமையாகவே படைத்தல் அறமாகுமா? சாப்பெக்கின் இவ்வினாவிற்கு விடையிறுக்க வேண்டியவர்கள் நாமே, எந்திரங்கள் அல்ல.