நோயாளிக்கு இடம் கொடுத்த அர்ச். பிலிப்பு நேரியார்

வைத்தியத்துக்காக வெளியூர் செல்லும் ஏழைக்கு மருந்துச் செலவோடு இன்னொரு கவலையும் உண்டு: இரவில் எங்கே தலைசாய்ப்பது? இந்தக் கவலையைத் தம் கவலையாக்கிக் கொண்டவர் அர்ச். பிலிப்பு நேரியார்.

1515-ம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் பிறந்த அவர், வாலிப வயதில் உரோமாபுரிக்கு வந்து, ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு ஊழியம் செய்துவந்தார். அங்கே அவர் கண்டதென்ன? நோய் தணிந்ததும் ஏழைகள் வெளியே அனுப்பப்பட்டார்கள். உடம்பில் பலமில்லை, போக வீடுமில்லை. அப்படிப்பட்டவர்களை மறுபடியும் நோய் பற்றிக்கொள்ளும்.

1548-ல், தம் ஆத்தும குருவான பெர்சியானோ ரோசா சுவாமியாரோடு சேர்ந்து, பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் ஒரு சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் ஏழை எளியவர்களே. 1550-ம் ஆண்டு ஜுபிலிக்கு வந்த யாத்திரிகர்களை வீடு எடுத்துத் தங்கவைத்து, பாதங்களைக் கழுவி, உணவு பரிமாறினார்கள். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களையும் பலம் பெறும்வரை வைத்துப் பராமரித்தார்கள்.

கவனியுங்கள்: அந்தச் சபையைத் தொடங்கியபோது பிலிப்பு குருவானவர் அல்ல; 1551-ல்தான் குருப்பட்டம் பெற்றார். செல்வந்தருமல்ல. 1595-ம் ஆண்டு மே 26-ம் நாள் மரித்த அவரை, 1622-ல் திருச்சபை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியின் தாயோ மனைவியோ சுருண்டு படுத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு பாயும், ஒரு வேளைக் கஞ்சியும், படுக்க ஓரிடமும் கொடுக்க நம்மில் யாருக்குத்தான் முடியாது?