நகையைக் கழற்றிய நாவலாசிரியை

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயில் மாட வீதியானாலும் சரி, சென்னைத் திருவல்லிக்கேணியானாலும் சரி, வைணவக் குடும்பத்துப் பெண்களுக்கு நகைப் பெட்டி என்றால் உயிர். மாமியாரின் ஒட்டியாணம் மருமகளுக்கு. தாயின் காசு மாலை மகளுக்கு. கூறைப் புடவை பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கும். இது வெறும் ஆசை அல்ல. 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வரும்வரை, தகப்பன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்குக் கிடையாது. பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது சீதன நகைதான்!

அந்த நகையை ஒருத்தி கழற்றி வைத்தாள். அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

ஐந்தரை வயதில் மணம்

1901 டிசம்பர் 1-ந் தேதி பிறந்தவர் கோதைநாயகி. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு.பார்த்தசாரதிக்கு மாலையிட்டார். 'வை.மு.' என்பது வைத்தமாநிதி முடும்பை என்ற குடும்பப் பெயர். வைத்தமாநிதி, தாமிரபரணிக் கரைத் திருக்கோளூரில் பள்ளிகொண்ட பெருமாளின் திருநாமம். சேமித்து வைத்த பெருஞ்செல்வம் என்று பொருள்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவர் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு தாமே எழுதப் படிக்கக் கற்றார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். பெண் பிள்ளைக்குப் பேனா எதற்கு என்று ஏசியவர்கள் உண்டு. கணவர் துணை நின்றார்.

காந்தியைக் கண்டார்

அதே ஆண்டு காந்தியடிகள் சென்னை வந்து சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் தங்கினார். பட்டும் வைரமும் பூண்டு பார்க்கச் சென்றார் கோதைநாயகி. எதிரே முரட்டுக் கதரில் மகாத்மா! அந்த எளிமை அவர் மனத்தைத் தைத்தது. அதன்பின் அவர் உடுத்தியது கதர். ஆடம்பர நகைகளையும் விட்டார்.

சுமங்கலி நகையின்றி நிற்பது அபசகுனம் என்று கருதிய காலம் அது. கலியாண வீட்டில் எத்தனை கண்கள் வெறுங்கழுத்தை உற்றுப் பார்த்திருக்கும்! அவர் கலங்கவில்லை. 1932-ல் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அங்கும் எழுத்தை விடவில்லை.

விட்டுச் சென்ற செல்வம்

115 நாவல்கள் எழுதினார். 'தயாநிதி' என்ற கதை 1966-ல் 'சித்தி' என்ற திரைப்படமாக வந்து வெற்றி பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1956-ல் மகன் ஸ்ரீநிவாசன் மறைந்தார். அந்தத் துயரம் தாயை உருக்கியது. 1960 பிப்ரவரி 20-ந் தேதி காலமானார்.

நகைக்குப் பங்கு கேட்க ஒரு குடும்பம் உண்டு. கதைகளுக்கோ, தமிழ் படிக்கத் தெரிந்த பெண்கள் அனைவரும் வாரிசுகள். வைத்தமாநிதி என்ற பெயர் அந்த வீட்டுக்குப் பொருந்தத்தான் செய்தது.