லொயிஸ் வில்சன்: ஒரு குடிகாரனின் மனைவி



குடிக்கும் கணவனைத் திருத்த ஒரு மனைவி படும்பாட்டை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். போத்தலை ஒளித்து வைப்பாள். அழுவாள், ஏசுவாள், நேர்த்தி வைப்பாள். கடன்காரனுக்குக் காசு தேடிக் கொடுப்பாள். வேலைத்தலத்துக்கு, அவருக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்புவாள். தன் இல்லறத்தின் முதல் 17 ஆண்டுகளை இத்தகைய போராட்டத்திலேயே கழித்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வரலாற்றை இங்கே தருகிறோம்.

லொயிஸ் பேர்ண்ஹாம் 1891ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு வைத்தியரின் மகளாகப் பிறந்தார். வசதியான, பக்தியுள்ள குடும்பம். கோடை விடுமுறைக்கு வெர்மொண்ட் மாநிலத்துக்குப் போன இடத்தில், தன்னிலும் நான்கு வயது இளையவரான பில் வில்சனைச் சந்தித்தார். 1918 ஜனவரி 24இல், பில் போர்முனைக்குக் கப்பலேறுமுன், திருமணம் நிறைவேறியது. இராணுவத்தில் தொட்ட மதுக்கிண்ணத்தைப் பில் அதன்பின் கீழே வைக்கவில்லை.

மூன்று முறை கருப்பைக்கு வெளியே கருத்தரித்ததால் லொயிஸ் பிள்ளைப்பேற்றை இழந்தார். தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள், பிள்ளை கிடைக்கவில்லை. பில்லின் குடியே அதற்குக் காரணம் என்று லொயிஸ் நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தார். 1925இல் கூட்டாளிகளிடமிருந்து கணவனைப் பிரித்தெடுக்கும் எண்ணத்துடன், பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு அவரோடு ஊர் ஊராகப் போனார். ஊரை மாற்றினால் குடி மாறும் என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கும் உண்டல்லவா? வீடு திரும்பியதும் குடியும் திரும்பியது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது பில்லின் வருமானமும் போயிற்று. தகப்பனாரின் வீட்டில் ஒண்டிக்கொண்டு, மேசிஸ் என்னும் பெருங்கடையில் வேலை செய்து லொயிஸ் குடும்பத்தைத் தாங்கினார். 1930இல் அவருடைய தாயார் இறந்தபோது, மரணச் சடங்குக்கு வரும் நிலையிலும் பில் இருக்கவில்லை.

1934 டிசம்பரில் ஒரு வைத்தியசாலையில் பில் குடியை விட்டார். பிறகு அவர் தொடவே இல்லை. மறு ஆண்டு அக்ரன் நகரில் டொக்டர் பொப் ஸ்மித் என்பவருடன் சேர்ந்து, இன்று உலகெங்கும் ஏஏ என்று அறியப்படும் குடிநோயாளர் கூட்டுறவுக்கு வித்திட்டார்.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். முடியவில்லை. ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று பில் அவசரப்படுத்தியபோது, லொயிஸ் கையிலிருந்த சப்பாத்தை அவர்மீது வீசியெறிந்தார். கணவன் வெறியில் கிடந்த காலத்தில் வராத கோபம், அவர் திருந்திய பிறகு ஏன் வந்தது? லொயிஸ் இதை இருந்து யோசித்தார். தான் 17 ஆண்டு முயன்று முடியாததை வேறு யாரோ சில நாட்களில் செய்து முடித்துவிட்டார்கள். தன்னை இப்போது யாருக்கும் தேவையில்லை. இதுவே தன் மனத்தைத் தின்றது என்று கண்டார். குடி கணவனைப் பிடித்ததைப் போலவே, கணவனைத் திருத்தும் வேலை தன்னைப் பிடித்திருந்தது என்பதையும் கண்டார். இப்படித் தன்னையே நிறுத்துப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்!

1939இல் அந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. இரண்டு ஆண்டுகள் நண்பர் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள். 1940இல் நியூயோர்க்கில் கழக மாடியறையொன்றில் அவர்கள் இருந்த காலத்தில், மழையிரவொன்றில், காலை இழுத்து நடக்கும் ஒரு குருவானவர் பில்லைக் காண வந்தார். அவர் சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த யேசு சபைக் குரு வண. பிதா எட்வேர்ட் டௌலிங். தம்பதியரை ஒன்றாக இருத்திப் பேசவைக்கும் கானா மாநாடுகளைப் பின்னர் முன்னின்று நடத்தியவரும் இவரே.

கூட்டங்களுக்குக் கணவரோடு வந்த மனைவியர் அடுக்களையில் கோப்பி ஊற்றியபடி தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். 1951இல் லொயிஸ், ஆன் என்ற தோழியின் துணையோடு, இத்தகைய 87 குழுக்களுக்குக் கடிதம் எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்டவை பதில் அனுப்பின. அல்-அனன் இவ்வாறு உருவாயிற்று. கணவனைத் திருத்தும் வழி அங்கே கற்பிக்கப்படுவதில்லை. அவன் குடியை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அதை அடக்கவும் முடியாது, உன் வாழ்வை நீ நேராக்கிக்கொள் என்பதே அங்குள்ள பாடம். 1957இல் பிள்ளைகளுக்கும் தனிக் குழுக்கள் தோன்றின.

வைத்தியர்கள் இன்னுமொரு படி போனார்கள். 1970களிலிருந்து அமெரிக்காவில் திமொதி ஓ'பெரல், பார்பரா மெக்கிரேடி முதலிய உளவியலாளர் கணவன் மனைவி இருவரையும் ஒரே மேசையில் இருத்திச் சிகிச்சை செய்தனர். முறை எளியது. நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில், இன்று குடிக்கமாட்டேன் என்று கணவன் சொல்ல வேண்டும். மனைவி அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கலண்டரில் இருவரும் அடையாளமிட வேண்டும். பழைய குடியைக் கிளறுவதும் நாளைய குடியை எண்ணிப் புலம்புவதும் வீட்டில் கூடாது. அவை சிகிச்சை அறைக்கு உரியவை. போதைவஸ்துப் பழக்கத்துக்கும் இம்முறை பயன்பட்டது. நோயாளியை மட்டும் தனியே நடத்துவதிலும் இருவரையும் சேர்த்து நடத்துவது குடியைக் குறைத்ததையும், வீட்டுச் சண்டையைத் தணித்ததையும் ஆய்வுகள் காட்டின. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கடுமையாக அடித்துத் துன்புறுத்தும் வீட்டில் இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. அங்கே மனைவி பிள்ளைகளின் பாதுகாப்பே முதலாவது காரியம்.

பில்லைப் புனிதராக்க நாம் முற்படவில்லை. மனைவியருக்கென அவர்களது புத்தகத்தில் வந்த அத்தியாயத்தைக்கூட லொயிஸிடம் கொடாமல் தானே எழுதினார். அந்தக் காயம் லொயிஸின் மனத்தில் நெடுநாள் இருந்தது. சிகரெட்டையும் அவரால் விட முடியவில்லை. நுரையீரல் நோயுற்று, 1971 ஜனவரி 24இல், அவர்களது 53ஆவது திருமண நிறைவு நாளன்று காலமானார். லொயிஸ் அதன்பின் 17 ஆண்டுகள் அல்-அனன் பணியிலேயே இருந்து, 1988 ஒக்டோபர் 5இல் தமது 97ஆவது வயதில் இறந்தார். பெட்போர்ட் ஹில்ஸில் அவர்கள் 1941 முதல் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. 1934இல் பழைய நண்பர் ஒருவர் பில்லோடு உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்த மதுவை வேண்டாம் என்று மறுத்த புரூக்ளின் வீட்டு அடுக்களை மேசையும் அங்கேயே இருக்கிறது.