பனிக்கட்டியில் விழுந்த பையன்

கழுத்தில் மரு முளைத்தால் நூல் கட்டி அறுப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக் கொள்பவர்களும் உண்டு. தோல் டாக்டரோ ஒரு குடுவையைத் திறக்கிறார். வெள்ளைப் புகை எழுகிறது. உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தோய்த்து, மருவின் மேல் சில விநாடி வைக்கிறார். மரு வெளுத்து விறைக்கிறது. சுருக்கென்று வலிக்கும். பிறகு கொப்புளம் கட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை.

அந்தக் குடுவையை உலகுக்குத் தந்தவர் ஜேம்ஸ் டியூவர். அவர் டாக்டர் அல்ல, விஞ்ஞானி.

ஸ்காட்லாந்தில் கின்கார்டின் என்ற ஊரில் 1842-ம் ஆண்டு பிறந்தார். ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. பத்து வயதில், உறைந்து கிடந்த நீரின் மேல் நடந்தபோது பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் வாதக் காய்ச்சல் கண்டது. நெடுநாள் நடமாட முடியவில்லை. பொழுது போக, ஊர்த் தச்சரிடம் பிடில் செய்யக் கற்றார். விரல்களுக்கு வேலைத்திறன் வந்தது. பிற்காலத்தில் சோதனைச் சாலையில் கைகொடுத்தது அந்தத் திறன்தான்.

1877-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார். சிறு வயதில் தன்னை முடக்கிய குளிரையே ஆராயத் தொடங்கினார்! வாயுக்களைக் குளிர வைத்துத் திரவமாக்கினார். ஆனால் திரவமாக்கிய காற்று கொதித்து மறைந்துவிடும். என்ன செய்வது? 1892-ல் வழி கண்டார். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு குடுவை. இரண்டுக்கும் நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். வெப்பம் உள்ளே நுழையப் பாலம் இல்லாமல் போயிற்று.

1898-ல் ஹைட்ரஜனையும் திரவமாக்கினார். ஆபத்தான வேலை. அவருடைய உதவியாளர் இருவர் வெடிவிபத்துகளில் ஆளுக்கு ஒரு கண்ணை இழந்தார்கள். டியூவரோ முன்கோபி. சக விஞ்ஞானிகளுடன் ஓயாத சண்டை. ஹீலியத்தைத் திரவமாக்கும் போட்டியில் 1908-ல் ஹாலந்து விஞ்ஞானி ஆன்னஸ் முந்திக்கொண்டார்.

குடுவைக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மானியர்கள் அதற்கு உலோக உறை போட்டு, 'தெர்மாஸ்' என்று பெயர் சூட்டி விற்றார்கள். நாம் காப்பி ஊற்றும் பிளாஸ்க் அதுதான்! டியூவர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். லாபம் எல்லாம் அவர்களுக்கே.

1899-ல் நியூயார்க் டாக்டர் காம்ப்பெல் ஒயிட், திரவக் காற்றைத் தொட்டு மருக்களை உறைய வைத்தார். திரவத்தைச் சேமித்து வைக்க முடிந்ததால் வந்த வைத்தியம் இது. திரவ நைட்ரஜனைப் பஞ்சில் தோய்த்து வைக்கும் முறை 1950-ல்தான் வந்தது. அதைக் காண டியூவர் இல்லை. 1923 மார்ச் 27-ல் காலமானார்.

ஒரு விஷயம். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் குளிருக்கு முதலில் சாகும். கறுத்த மேனியில் வெள்ளைத் தழும்பு விழலாம். ஆகவே டாக்டர்கள் நம்மவர்களுக்கு அளந்தே வைப்பார்கள். வளர்கிற, நிறம் மாறுகிற மச்சத்தை உறைய வைக்கக் கூடாது. உறைந்து அழிந்துபோனால், அது புற்றுநோயா என்று சோதிக்கச் சதை மிஞ்சாது.

சோதனைச் சாலைகளில் அந்தக் குடுவைக்கு இன்றும் 'டியூவர்' என்றே பெயர்.