மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

சென்னைக்கு வடக்கே, கடலை ஒட்டி உள்ளது திருவொற்றியூர். தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த பகுதி. கோடையில் தார் ரோடு கொதிக்கும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ம் ஆண்டில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்த ஊரில்தான், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், ஒரு மர நிழலில் சுந்தரர் சத்தியம் செய்தார். சேக்கிழாரின் பெரிய புராணம் அந்தக் கதையைக் கூறுகிறது.

சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். தந்தை சடையனார். தாய் இசைஞானியார். நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் அவரை எடுத்து வளர்த்தார். திருமண நாளில் கிழ வேதியர் ஒருவர் ஓலையுடன் வந்து தடுத்ததும், வந்தவர் சிவபெருமானே என்று தெரிந்ததும் எல்லோரும் அறிந்த கதை. பிறகு திருவாரூரில் பரவையாரை மணந்தார்.

ஊர் ஊராக நடந்து பாடியவர் அவர். வெயிலின் கொடுமை அவருக்குத் தெரியும்!

வழியில் ஒரு பந்தல்

சீர்காழிக்கு அருகே திருக்குருகாவூருக்கு அடியார்களுடன் போய்க் கொண்டிருந்தார். பசி, தாகம். அப்போது வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் தெரிந்தது. அங்கே இருந்த அந்தணர் பொதி சோறும் தண்ணீரும் கொடுத்தார். எல்லோரும் உண்டு, நிழலில் படுத்து உறங்கினார்கள். விழித்தபோது பந்தலும் இல்லை, அந்தணரும் இல்லை. வந்தவர் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

திருக்கச்சூரிலும் இப்படியே. அங்கே இறைவன் உச்சி வெயிலில் வீடு வீடாகச் சோறு இரந்து வந்து கொடுத்தார். அந்தத் திருவடிகள் சுடு மண்ணில் நடந்ததை எண்ணிச் சுந்தரர் உருகினார். சோற்றைவிட அதுவே அவர் மனத்தில் தங்கியது.

சங்கிலியார் கேட்ட சத்தியம்

பின்னர் திருவொற்றியூர் வந்தார். கோவிலில் பூத்தொடுத்து வந்த சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்பினார். தம்மைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார் சங்கிலியார். சுந்தரர் தந்திரம் செய்தார். சன்னதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று வேண்டிக் கொண்டார். ஆனால் மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியாரின் கனவில் இறைவன் சொல்லிவிட்டார்! சுந்தரருக்கு வேறு வழியில்லை. மகிழ மரத்தை மூன்று முறை வலம் வந்து சத்தியம் செய்தார்.

மகிழம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காத மரம். தழை அடர்த்தி. தகரக் கூரை வெயிலில் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இருப்பவர் மேல் இறக்கும். மரமோ வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கும். அதனால் நிழலோடு குளிர்ச்சியும் சேரும். வாடிய பின்னும் மணக்கும் பூ வேறு.

வசந்த காலம் வந்தது. தென்றல் வீசியதும் திருவாரூர் நினைவு வந்துவிட்டது. சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் இருண்டன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக் கண்ணும், திருவாரூரில் வலக் கண்ணும் பார்வை பெற்றன. பரவையாரின் கோபத்தைத் தணிக்க இறைவனே தூது போக வேண்டியிருந்தது.

சுந்தரர் 18 ஆண்டுகளே வாழ்ந்தார் என்பது மரபு. திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை ஏறிக் கயிலை சென்றார் என்கிறது புராணம்.

திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் சங்கிலியார் திருமணம் அன்று மீண்டும் நடத்தப்படுகிறது. கூட்டம் நெருக்கிக் கொண்டு நிற்பது அந்த மகிழ மரத்தைச் சுற்றித்தான். மாசி முடிந்தால் பங்குனி. வெயில் ஏறத் தொடங்கும்.