அன்னை சாவித்திரிபாய் பூலே

எழுத்தைக் கற்பிப்போர் பலர். கற்க வந்த பிள்ளையின் பசியையும் அச்சத்தையும் தம்முடையனவாகக் கொள்வோர் சிலரே. அச்சிலருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அன்னை சாவித்திரிபாய் பூலே.

மராட்டிய நாட்டில், சதாரா மாவட்டத்து நைகாவ் எனும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் அம்மையார் பிறந்தார். 1840இல், 9 வயதில், ஜோதிராவ் பூலேயை மணந்தார். எழுத்தறியாதிருந்த அவருக்குக் கணவரே ஆசானானார். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848இல் புனே நகரில், பிடே வாடா எனும் இல்லத்தில் இருவரும் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார். ஊதியம் பெறாது தொண்டாகவே அப்பணியை ஏற்றார்.

சாதி ஆணவம் வாளாவிருக்கவில்லை. பள்ளி செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் எறிந்தனர். அம்மையார் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார். பள்ளியில் அதை உடுத்திக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். 1849இல் கணவரோடு மாமனார் இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போதும் பணியைக் கைவிட்டாரில்லை. இழிவு எறிந்தவர்க்கே உரியது, ஏற்றவர்க்கு அன்று என்னும் பாடத்தை மாணவியர் எந்த ஏட்டிலும் படிக்க வேண்டியிருக்கவில்லை. எதிரில் நின்ற ஆசிரியையிடமே கண்டனர்.

தாழ்த்தப்பட்ட மகர், மாங் மக்களின் பிள்ளைகளுக்கும் பூலே தம்பதியர் பள்ளிகள் அமைத்தனர். அப்பள்ளியில் பயின்ற முக்தா சால்வே எனும் 14 வயது மாங் குலச் சிறுமி, தம் மக்களின் துயரை ஒரு கட்டுரையாக வடித்தாள். 1855இல் ஞானோதயா இதழ் அதனை வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாக வாய்மூடியிருந்த ஒரு சமுதாயம் சிறுமியின் எழுதுகோலால் பேசிற்று. அச்சம் நீங்கிய உள்ளத்தில்தான் கல்வி வேர்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1876-77ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பணியில் அம்மையார் ஈடுபட்டார். 1890இல் கணவர் மறைந்த பின்னும் தொண்டு ஓயவில்லை. 1897இல் புனேயைப் பிளேக் நோய் தாக்கிற்று. வளர்ப்பு மகனும் மருத்துவருமான யசுவந்த் நடத்திய மருத்துவமனைக்கு, மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனைத் தாமே தோளில் சுமந்து சென்றார். சிறுவன் பிழைத்தான். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. 1897 மார்ச்சு 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வாழ்நாளெல்லாம் உள்ளத்தில் சுமந்த பிள்ளைகளை இறுதியில் தோளிலும் சுமந்தே மறைந்தார்.

இளைஞர்களே! நம்மிற் பலர் இன்று பட்டம் பெற்றுள்ளோம். ஆயினும் வகுப்பில் சொல்லால் புண்பட்டு, பள்ளியை வெறுத்து வீட்டில் முடங்கும் பிள்ளை நம் தெருவில் இன்னும் உண்டு. அப்பிள்ளையின் இல்லம் தேடிச் செல்வோம். மாலையில் ஒரு மணி நேரம் அருகிருந்து பாடம் சொல்லுவோம். பாடத்திற்கு முன் அதன் மனக்குறையைக் கேட்போம். அன்னைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.

வாழ்க அன்னையின் புகழ்!